பிடிவாதம் நல்ல குணமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

“அவர் ஒரு முடிவு எடுத்துட்டா எடுத்ததுதான்” என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால் நம் ஊரில் அது பாராட்டுப் பத்திரம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிடிவாதம் ஒரு குறை, அதற்கான செலவையும் பெரும்பாலும் வேறு யாரோதான் கட்டுகிறார்கள் என்பது என் கட்சி. இதைச் சொல்லும்போதெல்லாம் எதிரே இருப்பவர்கள் கேட்கிற கேள்விகளும் என் பதில்களும் கீழே.

பிடிவாதம் இல்லாமல் யாராவது பெரிதாகச் சாதித்திருக்கிறார்களா?

யோரன் க்ரோப் என்ற ஸ்வீடன்காரரைப் பாருங்கள். 1995 அக்டோபரில் ஸ்டாக்ஹோமிலிருந்து சைக்கிளில் கிளம்பினார். நூறு கிலோவுக்கு மேல் சுமை. போக வேண்டிய இடம் எவரெஸ்ட். ஆக்சிஜன் சிலிண்டர் கிடையாது, ஷெர்பா உதவி கிடையாது, எல்லாம் தன் சொந்த பலத்தில்தான் என்பது அவர் திட்டம். இப்படி ஒரு காரியத்துக்குக் கிளம்புகிறவரை நாம் முதல் வேலையாகப் பிடிவாதக்காரர் என்றுதான் சொல்வோம்.

1996 மே 3ஆம் தேதி சிகரத்துக்குச் சுமார் நூறு மீட்டர் கீழே வரைக்கும் ஏறிவிட்டார். பனி தொடையளவு. நேரம் ஆகிவிட்டது. இப்போது ஏறினால் இறங்கத் தெம்பு இருக்காது என்று கணக்குப் போட்டுவிட்டுத் திரும்பி இறங்கினார். ஐரோப்பாவிலிருந்து சைக்கிள் மிதித்து வந்து, உச்சி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் திரும்பினார்.

ஒரு வாரம் கழித்து, மே 10 அன்று, வேறு குழுக்கள் ஏறின. மதியம் இரண்டு மணிக்குள் உச்சியைத் தொடவில்லை என்றால், எங்கே நின்றாலும் திரும்ப வேண்டும் என்பது அங்கே பொதுவான கணக்கு. அன்று பலர் இரண்டு மணிக்கு அப்புறமும் ஏறிக்கொண்டே இருந்தார்கள். மாலையில் புயல் வந்தது. எட்டுப் பேர் இறந்தார்கள். அவர்களில் மிக அனுபவசாலியான வழிகாட்டிகளும் உண்டு.

க்ரோப் மே 23 அன்று மறுபடி ஏறி உச்சியைத் தொட்டார். ஆக்சிஜன் இல்லாமல்தான்.

அப்போ விடாமுயற்சிக்கும் பிடிவாதத்துக்கும் என்னதான் வித்தியாசம்?

புதுச் செய்தி ஒன்று வரும்போது என்ன செய்கிறார் என்பதைப் பாருங்கள். விடாமுயற்சிக்காரர் அதைக் காதில் வாங்கி வழியை மாற்றுவார், நேரத்தை மாற்றுவார், தேவைப்பட்டால் இலக்கையே மாற்றுவார். பிடிவாதக்காரருக்குச் செய்தியே எதிரி. வெளியிலிருந்து பார்க்கும்போது இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். எல்லாம் நல்லபடியாகப் போகும் காலத்தில் யார் எந்த ரகம் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

ஒரே வழியில் திரும்பத் திரும்ப முயன்றால் ஒருநாள் பலிக்காதா?

முதல் உலகப் போரில் இத்தாலியப் படைக்குத் தலைமை தாங்கிய லூயிஜி கடோர்னா அப்படித்தான் நம்பினார். எதிரி ஆஸ்திரியா-ஹங்கேரி. இசோன்சோ ஆற்றுக்கு அப்பால் உயரமான மலைகளில் முள்கம்பி வேலியும் இயந்திரத் துப்பாக்கியுமாக அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கீழேயிருந்து நேராக மேலே ஏறித் தாக்குவது கடோர்னாவின் திட்டம். அந்த இடம் சுண்ணாம்புப் பாறை. குண்டு விழுந்தால் இரும்புச் சில்லோடு பாறைச் சில்லும் சேர்ந்து பறக்கும். பதுங்கக் குழி தோண்டவும் முடியாது.

1915 ஜூனில் முதல் தாக்குதல் தோற்றது. அடுத்த மாதமே இரண்டாவது. பிறகு மூன்று, நான்கு என்று 1917 செப்டம்பர் வரை அதே ஆற்றின் கரையில் பதினொரு தாக்குதல்கள். நடுவில், 1916 ஆகஸ்டில், கோரிசியா என்ற ஊர் கைக்கு வந்தது. அப்படி ஒரு சின்ன வெற்றி கிடைப்பதுதான் பிடிவாதக்காரருக்கு நடக்கக்கூடிய மிகப் பெரிய விபத்து என்பேன். அதைக் காட்டியே அடுத்த ஐந்து தாக்குதலுக்கும் நியாயம் சொல்லிவிடலாம். லட்சக்கணக்கில் ஆட்கள் செத்தும் காயப்பட்டும் போனார்கள். முன்னேறிய தூரத்தைக் கிலோமீட்டரில் எண்ணிவிடலாம்.

திட்டம் தப்போ என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. தோற்கும்போதெல்லாம் குற்றம் கீழே இருப்பவர்கள் மேல்தான். தளபதிகளை வரிசையாக வீட்டுக்கு அனுப்பினார். சில படைப்பிரிவுகளில் சீட்டுப் போட்டு ஆள் எடுத்துச் சுட்டுக் கொன்றார்கள். எதிர்த்துப் பேசினால் பதவி போகும் என்ற நிலையில் மேலே உண்மை எப்படிப் போகும்?

1917 அக்டோபர் 24இல் ஆஸ்திரியப் படையும் ஜெர்மானியப் படையும் கப்பொரெத்தோவில் உடைத்துக்கொண்டு உள்ளே வந்தன. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட இத்தாலிய வீரர்கள் சிறைப்பட்டார்கள். மற்றவர்கள் பியாவே ஆறு வரைக்கும் ஓடிவந்தார்கள். அப்போதும் கடோர்னா வெளியிட்ட அறிக்கை, படைவீரர்கள் போரிடாமல் கோழைத்தனமாகச் சரணடைந்தார்கள் என்றது.

அவரை எடுத்துவிட்டு அர்மாந்தோ தியாஸைப் போட்டார்கள். அவர் முதலில் கவனித்தது வீரர்களின் சாப்பாட்டையும் விடுமுறையையும். வீண் தாக்குதல்களை நிறுத்தினார். அடுத்த ஆண்டு நவம்பரில் இத்தாலி ஜெயித்தது, அதே நாட்டு வீரர்களை வைத்துக்கொண்டு. கடோர்னாவுக்கு 1924இல் மார்ஷல் பட்டம் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிடிவாதக்காரர்கள் எல்லாரும் கடைசியில் தண்டனை பெறுவார்கள் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

படித்தவர்கள், அறிவாளிகள் இப்படி நடக்க மாட்டார்களே?

படித்தவர்களிடம் சாக்கு நிறைய இருக்கும், அவ்வளவுதான்.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது, பத்தொன்பது வயதில், ஒரு கணக்குப் போட்டார். எரிந்து தீர்ந்த நட்சத்திரம் சுருங்கிச் ‘வெள்ளைக் குள்ளன்’ ஆகி நிற்க வேண்டுமானால் அதன் நிறைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. பிற்பாடு சீராகிய கணக்குப்படி சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு. அதைத் தாண்டினால் அந்த நட்சத்திரம் மேலும் மேலும் சுருங்கிக்கொண்டே போக வேண்டியதுதான்.

அப்போது வானியலில் பெரிய ஆள் ஆர்தர் எடிங்டன். 1919 சூரிய கிரகணத்தின்போது ஐன்ஸ்டைனின் கொள்கையைச் சோதித்துக் காட்டியவர். கேம்பிரிட்ஜில் சந்திரசேகரின் அறைக்கு அடிக்கடி வந்து, கணக்கு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு இருந்தவரும் அவர்தான். 1935 ஜனவரி 11 அன்று ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் சந்திரசேகர் பேசி முடித்தார். அடுத்துப் பேச எழுந்தவர் எடிங்டன். ஒரு நட்சத்திரம் இவ்வளவு அபத்தமாக நடந்துகொள்வதைத் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருந்தே ஆக வேண்டும் என்றார். சபை சிரித்தது. கணக்கில் எந்த வரி தப்பு என்று அவர் காட்டவில்லை. முடிவு அவருக்குப் பிடிக்கவில்லை. அதனால் அடிப்படைச் சூத்திரமே தப்பாக இருக்க வேண்டும் என்று வாதாடினார்.

நீல்ஸ் போர், பவுலி மாதிரியான இயற்பியலாளர்கள் தனியே கேட்டபோது சந்திரசேகர் சொல்வதே சரி என்றார்கள். ஆனால் எடிங்டனோடு பகிரங்கமாக யார் மோதுவது? எடிங்டன் 1944இல் இறக்கும்வரை மாறவில்லை. சந்திரசேகர் 1939இல் எல்லாவற்றையும் ஒரு புத்தகமாக எழுதி வைத்துவிட்டு வேறு துறைக்குப் போய்விட்டார். நோபல் பரிசு 1983இல் வந்தது.

இதற்கு நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. பிரபஞ்சம் விரியலாம் என்று ரஷ்யாவின் ஃப்ரீட்மன் 1922இல் கணக்குக் காட்டியபோது, அது தப்பு என்று ஐன்ஸ்டைன் எழுதினார். மறு ஆண்டே, பிழை என் கணக்கில்தான் என்று அதே ஆய்விதழில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதனால் அவர் பெயருக்கு என்ன குறைந்துவிட்டது?

பீஷ்மர் கடைசிவரை சபதத்தைக் காத்தார். அது பெருமை இல்லையா?

அந்தச் சபதம் எதற்காக எடுத்தது என்று ஞாபகப்படுத்திக்கொள்வோம். சந்தனு சத்தியவதியைக் கட்ட வேண்டும். சத்தியவதிக்குப் பிறக்கும் பிள்ளைகளுக்கே அரசு என்று பெண்ணின் தந்தை கேட்டார். அதற்காக, எனக்கு அரியணையும் வேண்டாம், கல்யாணமும் வேண்டாம் என்றார் பீஷ்மர். பெரிய தியாகம். அதில் சந்தேகமே இல்லை.

அப்புறம் சத்தியவதியின் இரண்டு மகன்களும் வாரிசில்லாமல் இறந்துபோனார்கள். இப்போது சத்தியவதியே பீஷ்மரிடம் வந்து, நீ அரசை ஏற்றுக்கொள், வம்சத்தைக் காப்பாற்று என்று கெஞ்சுகிறாள். யாருக்காகச் சபதம் எடுக்கப்பட்டதோ அவளே விடுவிக்கிறாள். பீஷ்மர் மாட்டேன் என்கிறார். இந்த இடத்தில் அவர் காப்பாற்றுவது சத்தியவதியின் நலனை இல்லை, தன் பெயரை. அதற்கு முன்பே அம்பை இருக்கிறாள். தம்பிக்காக அவளைத் தூக்கிவந்தவர் பீஷ்மர். அவள் விரும்பிய சால்வன் இனி வேண்டாம் என்று திருப்பி அனுப்பியபோது, நீரே என்னை மணந்துகொள்ளும் என்று கேட்டாள். விரதம் என்று மறுத்துவிட்டார். விரதம் அவருடையது, பாழானது அவள் வாழ்க்கை.

துரியோதனன் ஊசிமுனை நிலம்கூடத் தரமாட்டேன் என்றதை எல்லாரும் திட்டுகிறோம். பீஷ்மரின் பிடிவாதத்துக்கு மட்டும் பூப்போடுகிறோம். நல்லவர்கள் பிடிக்கும் பிடிவாதத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

காந்தி பிடிவாதக்காரர்தானே?

உண்ணாவிரதத்தில் பிடிவாதம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1922 பிப்ரவரியில் சௌரி சௌராவில் கூட்டம் காவல் நிலையத்துக்குத் தீ வைத்து 22 காவலர்கள் இறந்தபோது, நாடே கொதித்துக்கொண்டிருந்த ஒத்துழையாமை இயக்கத்தை அவர் நிறுத்திவிட்டார். சிறையிலிருந்த சக தலைவர்களுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. 1933இல், என் எழுத்துகளில் இரண்டு ஒன்றுக்கொன்று முரண்பட்டால் பிந்தியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று வாசகர்களுக்கு எழுதினார். பிடிவாதக்காரர் எழுதுகிற வாக்கியமா இது?

சங்கரலிங்கனாரை என்ன சொல்வீர்கள்?

1956இல், மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்க வேண்டும் என்பது உள்ளிட்ட கோரிக்கைகளோடு விருதுநகரில் இரண்டு மாதத்துக்கும் மேல் உண்ணாவிரதம் இருந்து உயிர்விட்டவர். பெயர் 1969இல் வந்தது. அதைப் பிடிவாதம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பணயம் வைத்தது தன் உயிரை, அடுத்தவர் உயிரை இல்லை என்பது முக்கியமான காரணம். அவருடைய வீட்டார் பக்கமிருந்து பார்த்தால் இந்தப் பதில் கொஞ்சம் ஆட்டம் காணும் என்பதும் தெரியும். இதற்கு மேல் எனக்குத் தெளிவில்லை.

ஒரு தலைவர் உறுதியாக இருந்தால்தானே நாடு உருப்படும்?

எதில் உறுதி என்பதுதான் கேள்வி. தென்னாப்பிரிக்காவில் தாபோ எம்பெக்கி அதிபராக இருந்தபோது, எச்.ஐ.வி.தான் எய்ட்ஸுக்குக் காரணம் என்பதையே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் 2000இல் டர்பன் மாநாட்டையொட்டிக் கையெழுத்திட்டு அறிக்கை விட்டார்கள். அசையவில்லை. தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றாமல் தடுக்கும் நெவிரபின் மருந்தை இலவசமாகத் தருவதாக அதைத் தயாரித்த நிறுவனமே சொன்னது. அரசு சில இடங்களில் மட்டும் கொடுத்துவிட்டு இழுத்தடித்தது. சுகாதார அமைச்சர் பூண்டு, எலுமிச்சை, பீட்ரூட் என்று பேசிக்கொண்டிருந்தார். 2002 ஜூலையில் அரசியல் சாசன நீதிமன்றம் உத்தரவு போட்ட பிறகுதான் மருந்து பரவலாகக் கிடைக்க வழி பிறந்தது. 2000 முதல் 2005 வரை இந்தத் தாமதத்தால் 3.3 லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின என்று ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2008இல் மதிப்பிட்டார்கள். எம்பெக்கி படிப்பறிவில்லாதவர் இல்லை, பொருளாதாரம் படித்தவர். இரவெல்லாம் இணையத்தில் தேடிப் படிப்பவர் என்று பெயர் எடுத்தவர்.

தப்பு என்று தெரிந்த பிறகும் மனசு ஏன் இறங்க மறுக்கிறது?

பாரி ஸ்டா என்ற ஆய்வாளர் 1976இல் வணிகவியல் மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார். ஒரு கம்பெனியின் இரண்டு பிரிவுகளில் ஒன்றுக்கு ஆராய்ச்சிப் பணம் ஒதுக்க வேண்டும். சிலர் தாங்களே பிரிவைத் தேர்ந்தெடுத்தார்கள். சிலருக்கு, வேறொருவர் ஏற்கெனவே தேர்ந்தெடுத்துவிட்டார் என்று சொல்லப்பட்டது. பிறகு, பணம் வாங்கிய பிரிவு நஷ்டத்தில் போகிறது என்ற செய்தியோடு அடுத்த ஒதுக்கீடு. அந்தச் செய்திக்குப் பிறகும் அதே பிரிவில் அதிகப் பணம் போட்டவர்கள், முதல் முடிவைத் தாங்களே எடுத்தவர்கள்.

“இன்னும் ரெண்டு லட்சம் போட்டா கடை தூக்கிடும்” என்று சொல்கிறவரிடம் இதைத்தான் பார்க்கிறோம். மூடினால் கடை மட்டும் போகாது, ‘அன்னிக்கே சொன்னேன்ல’ என்று சொல்லக் காத்திருக்கும் மச்சானும் ஜெயித்துவிடுவார்.

குடும்பத்தில் ஒருவர் முறுக்கிக்கொண்டு நிற்கிறார். எப்படி வழிக்குக் கொண்டுவருவது?

வாதம் பண்ணி ஜெயிக்க முடியாது. மரத்தில் ஏறி நிற்பவருக்கு இறங்க ஏணி வேண்டும். கீழே நின்று கத்தினால் இன்னொரு கிளை மேலே போவார்.

கல்யாண வீட்டில் நடப்பதைப் பாருங்கள். தாய்மாமாவுக்குத் தட்டில் வைத்து நேரில் பத்திரிகை கொடுக்காமல் தம்பி பையனிடம் கொடுத்தனுப்பிவிட்டார்கள். மாமா வரமாட்டேன் என்கிறார். “வாட்ஸப்லயும் அனுப்பினோமே, ஒரு வாரமா அலைச்சல், உங்களுக்குத் தெரியாதா?” என்று போனில் நியாயம் பேசினால் தீர்ந்தது கதை. கல்யாண வீட்டார் பக்கம் நியாயம் இருந்தாலும் மாமா மண்டபத்துக்கு வரமாட்டார். விவரம் தெரிந்த பெரியவர் என்ன செய்வார்? முதல் நாள் சாயங்காலம் பழம், பூ, வெற்றிலையோடு போய் உட்காருவார். பத்திரிகையைப் பற்றியே பேச்செடுக்காமல் காபி குடிப்பார். கிளம்பும்போது, “காலையில கார் எத்தனை மணிக்கு அனுப்பட்டும்?” என்பார். மாமா, “அஞ்சு மணிக்கு வரச் சொல்லுங்க” என்று முடித்துக்கொள்வார். யார் ஜெயித்தார்கள் என்ற கேள்வியே எழவில்லை.

இந்த ஏணி கிடைக்காத இடத்தில் கோர்ட் வருகிறது. அண்ணனும் தம்பியும் அரை அடி வரப்புக்குச் சண்டை போடுகிறார்கள். சர்வேயர் வந்து புலப்படத்தை வைத்து அளந்து கல் நட்டுவிட்டுப் போவார். மறுநாள் கல் இருக்காது. முன்சீப் கோர்ட், அப்பீல், வாய்தா மேல் வாய்தா. வக்கீல் ஃபீஸைக் கூட்டிப் பார்த்தால் அந்த அரை அடியைப் பலமுறை விலைக்கு வாங்கியிருக்கலாம். இதில் எனக்குப் பெரிய கொடுமையாகத் தெரிவது பிள்ளைகள் நிலைமை. பெரியப்பா பிள்ளைகள் யார் என்றே தெரியாமல் அடுத்த தெருவில் வளர்கிறார்கள். வரப்பில் அவர்களுக்கு என்ன அக்கறை?

அப்பாவுக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்கிறார்.

இங்கே ஏணியெல்லாம் தேடக்கூடாது. “ஒண்ணுமில்ல, வாயுப் பிடிப்பு, ஒரு சோடா குடிச்சா சரியாப் போகும்” என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே 108ஐக் கூப்பிடுங்கள். வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவுவது, வியர்த்துக் கொட்டுவது, மூச்சு வாங்குவது இருந்தால் ஒரு நிமிஷமும் யோசிக்காதீர்கள். மாரடைப்பில் இதயத் தசை நேரம் போகப் போகச் சாகிறது. ஈ.சி.ஜி. நன்றாக இருந்து அவர் திட்டினால் திட்டு வாங்கிக்கொள்ளலாம்.

இன்னொரு விஷயம். வாழ்நாள் முழுக்க அனுசரித்துப் போனவர் வயதான பிறகு திடீரென்று எதற்கெடுத்தாலும் அடம் பிடித்தால், குணம் என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். மறதி நோய் வகைகளில் சில இப்படித்தான் தலைகாட்டும். காது சரியாகக் கேட்காமல், கேட்டதுபோலக் காட்டிக்கொள்வதும் பிடிவாதமாகத் தெரியும்.

ரெண்டு வயசுக் குழந்தை அடம் பிடிக்கிறதே?

பிடிக்கட்டும். ‘மாட்டேன்’ என்று சொல்லக் கற்றுக்கொள்ளும் வயது அது. நீல டம்ளரா, சிவப்பு டம்ளரா என்று கேளுங்கள். இந்தப் பக்கம் அவர்களுக்கானது அல்ல.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினால் முதுகெலும்பு இல்லாதவன் என்பார்களே?

சரியாகத்தான் சொல்வார்கள். யார் சத்தமாகப் பேசுகிறார் என்று பார்த்துக் கட்சி மாறுகிறவரும் காரணத்தைக் கேட்பதில்லை. அந்த வகையில் அவரும் பிடிவாதக்காரரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். நான் சொல்வது காரணத்துக்கு வளைவதை. மிரட்டலுக்கு வளைவதை இல்லை.

பின்வாங்கினால் மரியாதை போய்விடும் என்ற பயத்துக்கு ஒரு தகவல். கோக்க கோலா 1985 ஏப்ரலில் தன் சுவையை மாற்றியது. வெளியிடும் முன் லட்சக்கணக்கானவர்களிடம் ருசி பார்க்கச் சொல்லிக் கேட்டுத்தான் மாற்றினார்கள். ஆனால் மக்கள் திட்டித் தீர்த்தார்கள். மூன்று மாதம் ஆகும் முன்பே, ஜூலையில், பழையது திரும்ப வருகிறது என்று அறிவித்தார்கள். மரியாதை ஒன்றும் போகவில்லை, விற்பனை ஏறியது.

நான் பிடிவாதக்காரனா என்று எனக்கே எப்படித் தெரியும்?

நீங்கள் சொல்லும் காரணங்கள் ஒவ்வொன்றாக அடிபட்டுப்போயும் முடிவு மட்டும் அப்படியே நின்றால் சந்தேகப்படுங்கள். எதிராளியின் வாதத்தை, “ஆமா, அதைத்தான் சொல்றேன்” என்று அவரே ஒப்புக்கொள்ளும்படி உங்களால் எடுத்துச் சொல்ல முடிகிறதா பாருங்கள். வீட்டில் உங்களிடம் யாரும் மறுத்துப் பேசுவதே இல்லை என்றால் அதில் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. பேசிப் பயனில்லை என்று நிறுத்தியிருப்பார்கள்.

முன்கூட்டியே செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. எவரெஸ்ட்டில் இரண்டு மணி என்று வைப்பதுபோல, முடிவு எடுக்கும் அன்றைக்கே திரும்பும் புள்ளியையும் எழுதி வைப்பது. “தீபாவளி வரைக்கும் பார்ப்பேன். கடை வாடகையும் ஆள் சம்பளமும்கூட வரவில்லை என்றால் பொங்கலுக்குள் மூடிவிடுவேன்” என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதை நீங்கள் வைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கோபத்துக்குப் பயப்படாத ஒருவரிடம் கொடுத்து, அன்றைக்கு எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். மச்சானாக இருந்தாலும் பரவாயில்லை.